ஒரே திரை, இரண்டு பேர்: எளிதாக்கியதால் உடைந்த ஒரு கூட்டாட்டம்

பதிவுக்கு முன்

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் பேச்சு சிக்கிக்கொள்ளும் வீடுகளுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. அப்படி ஒரு வீட்டில் பதினோரு வாரங்களில் நடந்ததை, அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்கள் கிடையாது. எல்லாமே ஒரு வீடியோ கேமைச் சுற்றி நடந்ததால் சிலருக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தெரிந்தது. அந்த அலட்சியத்தில் நான் கொடுத்த முதல் யோசனை நிலைமையைக் கெடுத்தது. இதை எழுத வைத்ததும் அந்த யோசனைதான்.

பின்னணி

அண்ணனுக்கு 13 வயது, தங்கைக்கு 7. ஓராண்டுக்கு முன்புவரை அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவன் அவன். தனி அறை கிடைத்ததும் கதவு மூடிக்கொண்டது. அவள் மேல் கோபமோ வெறுப்போ இல்லை. அவள் கதவைத் தட்டினால், "அப்புறம் வா பாப்பா" என்பான். அந்த அப்புறம் வரவே வராது. அவளும் விடமாட்டாள், பத்து நிமிடம் கழித்து மறுபடி தட்டுவாள்.

அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. அவர் சின்ன வயதில் பார்த்து வளர்ந்தது 1987இல் தொடங்கி 1996 வரை ஓடிய நின்ஜா ஆமைகள் கார்ட்டூன் தொடர். அதன் உருவங்களையும் நிறங்களையும் அப்படியே எடுத்துக்கொண்டு, பழைய ஆர்கேட் (கடைகளில் காசு போட்டு ஆடும் பெட்டி) பாணியில் ஒரு கேம் 2022 ஜூன் மாதம் வந்தது: 'டீனேஜ் மியூட்டன்ட் நின்ஜா டர்ட்டில்ஸ்: ஷ்ரெடர்ஸ் ரிவெஞ்ச்'. கனடாவின் மான்ட்ரியல் நகரத்து ட்ரிப்யூட் கேம்ஸ் உருவாக்கியது, டோட்டெமு வெளியிட்டது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே பக்கம் நின்று சண்டை போடும் கேம். பிள்ளைகள் இருவரையும் ஒரே சோபாவில் உட்கார வைக்க இதைவிட நல்ல வழி இல்லை என்று நினைத்தார். கேமும் இரண்டாவது கன்ட்ரோலரும் வாங்கினார். சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் என்று ஏற்பாடு.

முதல் சனிக்கிழமை நன்றாகப் போனது. நான்காவது சனிக்கிழமை தங்கை அழுதுகொண்டே எழுந்து போனாள். அண்ணன் அவள் போனதைக் கவனிக்காமல் கட்டத்தை முடித்தான். அதற்கு மறுநாள் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம்

இது தெரியாமல் மேலே படித்தால் புரியாது.

இடமிருந்து வலமாக நடந்துகொண்டே, எதிரில் வருகிறவர்களை அடித்து வீழ்த்தும் வகை இது. ஜப்பானிய நிறுவனமான கொனாமி 1989இல் ஆர்கேடுக்குக் கொண்டுவந்த ஆமைகள் கேமும், 1991இல் வந்த அதன் அடுத்த பாகமும்தான் இதற்கு முன்மாதிரி. அந்தக் காலத்து நான்கு பேர் பெட்டியில் ஒவ்வொரு ஆமைக்கும் தனி ஜாய்ஸ்டிக் இருந்தது. எந்த இடத்தில் நிற்கிறீர்களோ அந்த ஆமைதான் உங்களுக்கு. யார் எந்த ஆமை என்ற சண்டையை மரப்பெட்டியே தீர்த்துவைத்தது என்று அந்த அப்பா சொன்னார். பின்னால் நடந்ததை வைத்துப் பார்த்தால் அது வெறும் பழங்கதை அல்ல.

புதிய கேமில் லியோனார்டோ, டொனாட்டெல்லோ, ராஃபேல், மைக்கலாஞ்சலோ என்ற நான்கு ஆமைகளோடு, அவர்களின் குரு ஸ்பிளின்டரும் தோழி ஏப்ரல் ஓநீலும் தொடக்கத்திலிருந்தே உண்டு. கதையை முடித்தால் ஆமைகளின் நண்பர் கேசி ஜோன்ஸ் கிடைப்பார். மொத்தம் 16 கட்டங்கள், ஒவ்வொன்றும் தொடரின் ஓர் அத்தியாயம் மாதிரி. ஒவ்வொருவருக்கும் வேகம், வலு, எட்டும் தூரம் வேறு. டொனாட்டெல்லோவின் தடி நீளம், ஆள் மெதுவு. ராஃபேல் அடித்தால் பலமாக விழும், ஆனால் ஒட்டி நின்றுதான் அடிக்க வேண்டும். லியோனார்டோ எல்லாவற்றிலும் நடுத்தரம்.

கூட்டாட்டத்துக்கென்றே சில ஏற்பாடுகள் உள்ளன. ஒருவர் விழுந்தால் எண்ணிக்கை ஓடத் தொடங்கும். அது முடிவதற்குள் மற்றவர் பக்கத்தில் போய் நின்று பட்டனை அழுத்திப் பிடித்தால், ஒரு பீட்சாத் துண்டைக் காட்டி எழுப்பிவிடலாம். எழுப்புகிறவர் அந்த நேரத்தில் அடி வாங்கக்கூடும். தன் உயிர்ப்பட்டையிலிருந்து (இன்னும் எவ்வளவு அடி தாங்கலாம் என்று காட்டும் கோடு) கொஞ்சம் எடுத்துத் துணையாளுக்குக் கொடுக்கவும் வழி உண்டு. கடினம் மூன்று நிலை: 'சில்' எளிது, 'ஓகே' நடுத்தரம், 'நார்லி' கடுமை.

கதை முறையில் விளையாடினால் ஒவ்வொரு பாத்திரமும் லெவல் ஏறும். ஏற ஏற உயிர்ப்பட்டை நீளும், லைஃப் (விழுந்த பின்னும் மறுபடி ஆடும் வாய்ப்பு) கூடும், சிறப்பு அடிகள் சேரும். இதை நான் முதல் நாளே யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஐந்தாவது வாரம்: முதல் கவனிப்பு

சோபாவுக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் எதுவும் பேசுவதில்லை என்று அப்பாவிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

அண்ணன் நீல முகப்பட்டி லியோனார்டோ, தங்கை மைக்கலாஞ்சலோ. ஆரஞ்சு நிற முகப்பட்டிக்காக அவள் முதல் நாளே பிடித்துக்கொண்ட ஆமை அது. அவளைப் பொறுத்தவரை 'என் மைக்கி'. கட்டம் தொடங்கியதும் அவன் வலது ஓரத்துக்கு ஓடினான். எதிரிகள் திரைக்குள் வரும் இடத்திலேயே நின்று அடித்துத் தீர்த்தான். அவள் இடது பக்கத்திலிருந்து வந்து சேர்வதற்குள் அங்கே யாரும் இல்லை. திரை நகரும், அவன் மறுபடி ஓடுவான்.

அவள் கைக்குக் கிடைத்த சில எதிரிகளையும் அவளால் அடிக்க முடியவில்லை. இந்த வகைக் கேமில் புதியவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் அது. படம் தட்டையாக இருந்தாலும் தரைக்கு ஆழம் உண்டு. எதிரி நிற்கும் அதே வரிசையில் நின்றால்தான் அடி படும். அவள் ஒரு விரல்கடை மேலே நின்றுகொண்டு காற்றை அடித்துக்கொண்டிருந்தாள். எதிரி மெல்ல அவள் வரிசைக்கு வந்து ஒரு குத்து விட்டான். மைக்கி விழுந்தான்.

"அண்ணா, எழுப்பு! அண்ணா, நான் கீழ கிடக்கேன்!"

அவன் வந்தான், எழுப்பினான், உடனே ஓடினான். அந்த மாலையில் அவன் அவளைப் பதினான்கு தடவை எழுப்பினான். குறித்து வைத்தேன். முதல் சில தடவை "எந்திரி பாப்பா" என்றான். பிறகு பேசவில்லை. கடைசிப் பகுதியில், எண்ணிக்கை கிட்டத்தட்ட தீரும்வரை தன் சண்டையை முடித்துவிட்டு வந்தான். அவள் அவனை ஒரு தடவைகூட எழுப்பவில்லை, அவன் விழவே இல்லை.

முடிந்ததும் அவனிடம் தனியாகக் கேட்டேன். "அவளோட விளையாடறது பிடிக்கலையா?"

"பிடிக்கும். ஆனா அவளோட ஆடும்போது நான் கேம் ஆடல, அவளைத் தூக்கிட்டு நடக்கறேன்."

தங்கையிடம் அதே கேள்வி. "அண்ணா முன்னாடியே எல்லாரையும் அடிச்சிடறான். எனக்கு ஒண்ணும் மிச்சம் வைக்க மாட்டேங்கறான்."

இந்த இரண்டு பதில்களும் என் குறிப்பேட்டில் அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன. எனக்கு வேண்டியது அனைத்தும் அவற்றிலேயே இருந்தது. நான் கண்டது பதினான்கு என்ற எண்ணை மட்டும்.

முதல் முடிவு: எளிதாக்குவது

என் கணக்கு நேராக இருந்தது. அவள் அடிக்கடி விழுகிறாள், அதனால் அவன் சலிக்கிறான். அவள் விழுவது குறைந்தால் சலிப்பும் குறையும். அவர்கள் 'ஓகே' நிலையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். 'சில்' நிலைக்கு மாற்றச் சொன்னேன். அப்பாவுக்கும் அதுதான் சரியாகப் பட்டது. அண்ணன் மட்டும் முகத்தைச் சுளித்தான். அதை வளரும் பையனின் கெத்து என்று எடுத்துக்கொண்டேன்.

மறுவாரம் அப்பா அனுப்பிய காணொளியைப் பார்த்தேன். அவள் விழுந்தது மூன்றே தடவை. ஆனால் இருபது நிமிடத்தில் ஆட்டம் நின்றுபோனது, இந்தத் தடவை எழுந்து போனவன் அண்ணன். காரணம் வெளிப்படையாகத் தெரிந்தது. எதிரிகள் இரண்டு அடியில் சாய்ந்தார்கள். அவன் முன்பைவிட வேகமாக ஓடினான், முன்பைவிட முழுதாகத் துடைத்தான். அவளுக்கு மிஞ்சியது வெறும் தெரு. விழாமல், அடிக்காமல், அவன் பின்னால் நடந்து போனாள். முன்பு "எழுப்பு" என்றாவது கூப்பிடக் காரணம் இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. அந்த இருபது நிமிடத்தில் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

நோயின் அடையாளத்தை நோய் என்று எடுத்துக்கொண்டேன். வேலையில் பல வருடம் இருப்பவர்களும் செய்யும் தவறு என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சிறுமிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஏழாவது வாரம்: அப்பா உள்ளே வந்தார்

இது என் யோசனை அல்ல, ஆனால் நான் தடுக்கவும் இல்லை. மூன்றாவது கன்ட்ரோலரோடு அப்பா சேர்ந்தார், டொனாட்டெல்லோவாக. அவர் நன்றாகவே ஆடுவார். விரல்களுக்கு இன்னும் பழைய நினைவு இருக்கிறது.

ஆட்கள் கூடினால் இந்தக் கேமில் எதிரிகளும் கூடுவார்கள். திரையில் மூன்று ஆமைகள், ஒரு பட்டாளம் ஊதா உடைச் சிப்பாய்கள், வெடிப்புகள், பறக்கும் பெட்டிகள். தங்கைக்குத் தன் மைக்கி எங்கே நிற்கிறான் என்றே தெரியவில்லை. இரண்டு தடவை அப்பாவின் ஆமையைத் தன்னுடையது என்று நினைத்துப் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தாள். அதோடு அப்பாவின் வாய் ஓயவில்லை. "குதி... இப்ப அடி... பின்னாடி பாரு... அந்தப் பக்கம் இல்லம்மா." பாதி நேரம் அவள் திரையைப் பார்க்காமல் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் ஒரு ஓரமாகத் தன் வேலையைச் செய்தான்.

ஒரு நன்மை நடந்தது, அதையும் பதிய வேண்டும். ஆழம் பிடிபடாத சிக்கலை அப்பா ஒரே வாக்கியத்தில் தீர்த்தார்: "ஆளைப் பார்க்காதே, நிழலைப் பாரு. உன் நிழலும் அவன் நிழலும் ஒரே கோட்டில வந்ததும் அடி." அதற்குப் பிறகு அவள் காற்றை அடித்தது வெகுவாகக் குறைந்தது.

ஆனாலும் மூவர் ஆட்டம் வேண்டாம் என்று அன்று இரவே அவரிடம் சொன்னேன். அவருக்கு வருத்தம்தான். தன் தொடர், தன் ஆமைகள், தான் வெளியே. அதை அவர் சொல்லவில்லை. கன்ட்ரோலரை எடுத்து வைத்த விதத்தில் தெரிந்தது.

பறக்கும் பலகை

அந்த வாரத்துக் காணொளியில் நான் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. அப்பா இடையில் ஒரு போன் பேச எழுந்து போயிருக்கிறார். அந்த நேரத்தில் பிள்ளைகள் இருவரும் ஏற்கெனவே முடித்த ஒரு கட்டத்தை மறுபடி எடுத்திருக்கிறார்கள். ஆமைகள் பறக்கும் பலகையில் ஏறிப் போகும் கட்டம் அது. திரை தானாகவே ஓடும். யாரும் முன்னால் ஓட முடியாது, யாரும் பின்தங்கவும் முடியாது. எதிரிகள் எல்லாப் பக்கமிருந்தும் வருவார்கள்.

அந்த ஏழெட்டு நிமிடங்களில் அவர்கள் சிரித்தார்கள். அண்ணன் பேசினான்: "மேல நீ பாரு, கீழ நான்." அவளும் மேலே பார்த்தாள். அவன் ஒரு தடவை அடிபட்டுக் கிட்டத்தட்ட விழப்போனதும் "ஐயோ அண்ணா!" என்று கத்திக்கொண்டு அவன் பக்கம் வந்தாள்.

அதே பிள்ளைகள், அதே கன்ட்ரோலர், அதே 'சில்' நிலை. மாறியது ஒன்றுதான். அவன் ஓடுவதற்கு இடம் இல்லை. காணொளியை மூன்று தடவை பார்த்த பிறகு, சிக்கல் அவளுடைய திறமையில் இல்லை என்பது உறைத்தது. சாதாரணக் கட்டங்களில் அவள் இல்லாவிட்டாலும் அவனுக்கு எதுவும் குறையாது. அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கூட்டாட்டம் என்று அட்டையில் எழுதியிருந்தாலும், அவர்கள் ஆடியது ஒரே திரையில் நடந்த இரண்டு தனி ஆட்டங்கள்.

அம்மா சொன்னது

அதுவரை அம்மாவிடம் நான் கேமைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவருக்கு அதில் ஆர்வமில்லை என்று அப்பா சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தேன். எட்டாவது வாரம், வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார்: "சனிக்கிழமை ஒரு மணி நேரம்னு நீங்க எல்லாரும் கணக்கு வச்சிருக்கீங்க. அவன் தினமும் ராத்திரி அதே கேமைத்தான் தனியா ஆடிட்டிருக்கான்."

சேமித்த ஆட்டத்தைத் திறந்து பார்த்தோம். லியோனார்டோ கடைசி லெவலான பத்தில் நின்றான். மைக்கலாஞ்சலோ மூன்றில். அதாவது சனிக்கிழமை சோபாவில் உட்கார்ந்தவர்கள் 13 வயதுப் பையனும் 7 வயதுச் சிறுமியும் மட்டும் அல்ல. உச்சத்தில் இருந்த ஓர் ஆமையும் அப்போதுதான் தொடங்கிய ஓர் ஆமையும். வயதின் இடைவெளியோடு கேமும் தன் பங்குக்கு ஓர் இடைவெளியைச் சேர்த்திருந்தது. அது யாருடைய கண்ணிலும் படவில்லை. அவளைப் பொறுத்தவரை அண்ணன் பெரியவன், அதனால் விழமாட்டான். அவனைப் பொறுத்தவரை அவள் சின்னவள், அதனால் விழுகிறாள்.

அவன் ஏமாற்றவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பிடித்த கேமைப் பிடித்த ஆமையோடு ஆடினான், அவ்வளவுதான்.

இரண்டாவது முடிவு: கடினமாக்குவது

ஒன்பதாவது வாரம் நான் முன்வைத்தது இது. மறுபடி இருவர் ஆட்டம். கடினம் 'சில்' அல்ல, நேராக 'நார்லி'. அண்ணன் லெவல் ஏறாத ராஃபேலை எடுக்க வேண்டும், தங்கை அவனுடைய லியோனார்டோவை. அப்பா பின்னால் உட்காரலாம், பேசக் கூடாது.

காரணம்: அவன் விழ வேண்டும். விழுந்தால்தான் எழுப்ப ஆள் தேவைப்படும். ராஃபேலின் கை எட்டாது. எதிரியை ஒட்டிப் போய் நிற்க வேண்டும், அதனால் அடியும் வாங்குவான். அவளிடம் நீளமான உயிர்ப்பட்டையும் சிறப்பு அடிகளும் இருக்கும். எழுப்பும் நேரத்தில் ஓர் அடி வாங்கினாலும் தாங்குவாள். 'பொறுமையாக இரு, தங்கச்சிக்கு விட்டுக்கொடு' என்று அவனிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். விட்டுக்கொடுப்பதும் ஒருவகையில் மேலே நின்று கொடுப்பதுதான். சின்னவர்கள் அதைச் சட்டென்று மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

அண்ணனுக்கு 'நார்லி' என்றதுமே கண் விரிந்தது. ராஃபேலுக்கும் சம்மதித்தான். லியோனார்டோவைக் கொடுக்க மட்டும் ஒரு நிமிடம் யோசித்தான், பிறகு சரி என்றான்.

தங்கை மறுத்துவிட்டாள்.

"எனக்கு நீலம் வேண்டாம். மைக்கிதான் வேணும்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. லியோனார்டோவுக்கு வலு அதிகம் என்று அப்பா விளக்கப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. 7 வயதில் ஆமையின் நிறம் சின்ன விஷயம் அல்ல என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்று ஆட்டமே நடக்கவில்லை. திட்டம் தோற்றது என்றுதான் குறிப்பில் எழுதினேன்.

பத்தாவது வாரம்

அந்த வாரம் முழுக்க அண்ணன் இரவில் தனியாக ஆடியது மைக்கலாஞ்சலோவை வைத்து. யாரும் சொல்லவில்லை. அம்மாதான் கவனித்து எனக்குச் செய்தி அனுப்பினார். சனிக்கிழமைக்குள் மைக்கி ஒன்பதாவது லெவலுக்கு வந்திருந்தான்.

தங்கை பாத்திரத் தேர்வுத் திரையைப் பார்த்தாள். "மைக்கி எப்படிப் பெரிசானான்? நான் ஆடவே இல்லையே?"

"நான்தான் ஒரு வாரமா அவனுக்குச் சாப்பாடு போட்டேன்" என்றான்.

அவளுக்கு முதலில் கொஞ்சம் கோபம், தன் ஆமையைக் கேட்காமல் எடுத்ததற்கு. அவன் "சாரி பாப்பா" என்றான். பிறகு இருவரும் 'நார்லி'யில் தொடங்கினார்கள்.

முதல் கட்டத்துக்கே திரும்பிப் போனார்கள். சேனல் 6 தொலைக்காட்சி நிலையம், முடிவில் பாஸாக, அதாவது கட்டத்தின் பெரிய எதிரியாக, பீபாப். பாதி வழியிலேயே ராஃபேல் விழுந்தான். ஒரு கணம் இருவருமே அசையவில்லை. அவன் விழுந்து அவள் பார்த்ததில்லை, தான் விழுந்து அவனுக்கும் பழக்கமில்லை. எண்ணிக்கை ஓடத் தொடங்கியது.

"பாப்பா, வா! என்கிட்ட வா! பட்டனை அமுக்கிட்டே இரு!"

அவள் போனாள். பட்டனைப் பிடித்தாள். பின்னாலிருந்து ஒரு சிப்பாய் அடித்தான், எழுப்புவது தடைபட்டது. அவள் திரும்பி அவனை அடித்தாள். நிழலைப் பார்த்துத்தான் அடித்தாள், வாயால் "நிழல், நிழல்" என்று சொல்லிக்கொண்டே. மறுபடி பட்டன். எண்ணிக்கையின் கடைசியில் ராஃபேல் எழுந்தான்.

அன்று அவள் அவனை ஆறு தடவை எழுப்பினாள், அவன் அவளை ஒன்பது தடவை. மொத்தத்தில் விழுந்தது ஐந்தாவது வாரத்தைவிட அதிகம். பீபாபிடம் இரண்டு தடவை தோற்று மூன்றாவதில் ஜெயித்தார்கள். ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு கட்டம்தான் முடிந்தது. இருவரும் எழுந்து போகவில்லை. நேரம் முடிந்ததென்று அம்மாதான் திரையை அணைத்தார்.

அவன் வலது ஓரத்துக்கு ஓடுவது தானாகவே நின்றது. ஓடினால் தூரத்தில் விழுவான், அவள் வந்து சேர நேரமாகும். இதை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டு தடவை தூரத்தில் விழுந்து லைஃப் போன பிறகு அவனே பக்கத்தில் நின்று ஆடத் தொடங்கினான்.

பிறகு

எல்லாம் சீராகப் போகவில்லை. பதினோராவது வாரம் அண்ணன் ஒரு கட்டத்தின் சவாலை முடிப்பதில் மும்முரமாகி, அவள் விழுந்ததைக் கண்டும் போகவில்லை. பழைய மாதிரியே அழுகை. ஆனால் அன்று அவள் எழுந்து போகவில்லை. "அடுத்த தடவை நீ விழுந்தா நானும் வரமாட்டேன்" என்றாள். அடுத்த தடவை அவன் விழுந்தான். அவள் எண்ணிக்கை முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் லைஃப் போனது. அப்பா வாயைத் திறக்கப் போனார்; வேண்டாம் என்று நான் தலையசைத்தேன். அண்ணன் சிரித்துவிட்டான். அவளிடம் அவனுக்கு எதிராகப் பயன்படுத்த ஏதோ ஒன்று இருந்தது, அதை அவள் பயன்படுத்தினாள், அது பலித்தது. எனக்கு அந்த மாலை முழு ஆய்விலும் முக்கியமான மாலையாகப் படுகிறது.

அதோடு என் வருகை முடிந்தது. மீதிக் கட்டங்களை அவர்களே ஆடினார்கள். சில வாரங்களில் 'நார்லி' இறங்கி 'ஓகே' ஆனதாக அப்பா சொன்னார். அது அவர்களே பேசி எடுத்த முடிவு. இருவரும் நல்ல லெவலில் இருந்ததால் பழைய சிக்கல் திரும்பவில்லை. தன் உயிர்ப்பட்டையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் வசதியைக் கண்டுபிடித்தவள் தங்கை. தேவையில்லாத நேரத்தில்கூட அவனுக்குக் கொடுத்துவிட்டு, தான் விழுந்துகிடப்பாளாம்.

அப்பாவுக்கு இந்த ஏற்பாட்டில் ஒரு நஷ்டம் உண்டு. அவர் வாங்கிய கேமில் அவருக்கு இடமில்லை. பிள்ளைகள் தூங்கிய பிறகு அவரும் அம்மாவும் ஒன்றிரண்டு தடவை ஆடிப் பார்த்தார்களாம். அம்மா ஏப்ரலை எடுத்தாராம். மேலே கேட்கவில்லை.

மறுபடி செய்தால்

முதல் வேலையாகச் சேமித்த ஆட்டத்தைத் திறந்து பார்ப்பேன். வீட்டில் இருக்கும் எல்லோரிடமும், கேமில் ஆர்வமில்லாதவரிடமும், அது எப்போது யார் கையில் இருக்கிறது என்று கேட்பேன். ஒரு மணி நேரம் சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாததை அம்மா சமையலறையில் நின்றபடியே தெரிந்துவைத்திருந்தார்.

விழுவதை எண்ணமாட்டேன். அல்லது எண்ணினால், யார் யாரை எழுப்பினார்கள் என்று இரு பக்கமும் எண்ணுவேன். பதினான்கு என்ற எண் என்னை ஏமாற்றியது; அதன் பக்கத்தில் இருந்த சுழியத்தைத்தான் பார்த்திருக்க வேண்டும். கடினத்தைக் குறைப்பதற்கு முன், அது இரண்டு பேரில் யாருக்கு வேலை மிச்சம் வைக்கும் என்று கேட்பேன்.

ஆமையை மாற்றச் சொல்லும் முன் அவளிடம் கேட்டிருப்பேன். இதில் நான் அதிர்ஷ்டசாலி. என் திட்டத்தின் ஓட்டையை அந்தப் பையன் தானாகவே அடைத்தான். இன்னொரு வீட்டில் அப்படி நடக்காமல் போகலாம். அவன் ஒரு வாரம் அவளுக்காக ஆடியதுதான் எல்லாவற்றையும் மாற்றியதா, 'நார்லி' மாற்றியதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தன. அதே வாரத்தில்தான் பள்ளி விடுமுறையும் தொடங்கியது. அவனுக்கு வீட்டுப்பாடம் இல்லை, மனம் லேசாக இருந்திருக்கலாம். ஒரு வீட்டுக் கதை இது. இதை வைத்து 'கடினமாக்குங்கள்' என்று எல்லோருக்கும் சொல்ல நான் தயாரில்லை. அண்ணனுக்குப் பதில் எளிதில் மனம் உடையும் பிள்ளையாக இருந்திருந்தால், விழ வைப்பது வேறு விதமாக முடிந்திருக்கும்.

அவன் அறைக் கதவு இப்போதும் பெரும்பாலும் மூடியே இருக்கிறது. அதைத் திறப்பது என் வேலையும் அல்ல, 13 வயதில் அது தவறும் அல்ல.

கடைசியாகக் கிடைத்த தகவல்

பதினாறாவது கட்டத்தை முடித்துவிட்டார்கள். கேசி ஜோன்ஸ் கிடைத்திருக்கிறார். யார் முதலில் எடுப்பது என்று பெரிய சண்டை. அப்பா இரண்டு பேரையும் சமாதானப்படுத்த அறைக்குள் போனபோது, ஒற்றைப்படைத் தேதியில் அவன், இரட்டைப்படைத் தேதியில் அவள் என்று ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்களாம். 31ஆம் தேதிக்கு அடுத்த நாள் 1ஆம் தேதி, இரண்டுமே ஒற்றைப்படை என்பது தங்கைக்கு இன்னும் தெரியாது.